சண்முகையாவின் 'மோசமில்ல'

சங்கரன்கோவிலில் ஒரு சாப்பாட்டுக் கடை எப்படி என்று தெரிய வேண்டுமானால் கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை, போர்டைப் பார்த்தும் பயனில்லை. கரண்ட் ஆபீசில் ரீடிங் எடுக்கிற சண்முகையாவைக் கேட்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்ப்பார். முந்தாநாள் அங்கே சாப்பிட்டது இன்னும் கடைவாயில் எங்காவது மிச்சமிருக்கிறதா என்பது போல நாக்கை ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு "மோசமில்ல" என்பார். அவ்வளவுதான். கேட்டவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே அந்தக் கடைக்குப் போய்விடலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் குழப்பம் வரும். மோசமில்லை என்றால் சுமார் என்றுதானே அர்த்தம் என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. 'மோசமில்ல' என்றால் பிரமாதம், நாளைக்கும் வருவேன் என்று பொருள். அதற்கும் மேலே ஒரு படி உண்டு. அது குறை சொல்வது. "சட்னியில பொட்டுக்கடலைய இப்படி அள்ளிக் கொட்டியிருக்கேரே, ஒம்ம தோட்டத்துல வெளஞ்சதா வே?" என்று ஒருவர் கேட்டால், அந்தக் கடையை அவர் தன் வீடாக நினைக்கிறார் என்று அர்த்தம். கடைக்காரருக்கு அன்று முழுக்கச் சிரித்த முகம்தான். ஆனால் ஒருவர் கை கழுவி, கைக்குட்டையில் துடைத்து, கடைக்காரர் முகத்தைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டாரென்றால் போச்சு. அவர் இனி அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். கல்யாண வீட்டில் சாம்பார் ஊசிப்போயிருந்தால், வாசலில் நிற்கும் பெண்ணின் அப்பாவிடம் அத்தனை பேரும் "சாப்பாடு நல்லாயிருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவரும் முகம் செத்துப்போய்க் கும்பிடுவார். கண் பட்டுவிடும் என்ற பயத்தில் வந்த பழக்கமா, வாயாரப் புகழ்ந்தால் நம்மிடம் ஏதோ குறைந்துவிடும் என்கிற கஞ்சத்தனமா என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

சண்முகையாவுக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் பார்த்து எண்ணைப் பதிகிற உத்தியோகம். முப்பது வருஷமாக நடக்கிறார். தெருக்கள் அவருக்குப் பெயரால் நினைவில் இல்லை, வயிற்றால்தான் இருந்தன. ரயில்வே பீடர் ரோடு என்றால் நாலு மணி ஆமவடை. கோர்ட்டுப் பக்கம் என்றால் ஹெலன் மெஸ், நெத்திலிக் குழம்பு. கழுகுமலை ரோடு என்றால் மம்மது கடைப் புரோட்டாவும் சால்னாவும். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் போவது என்ற அட்டவணையை அவரே போட்டுக்கொள்வார். அது எப்படியோ கோர்ட்டுத் தெரு மதியம் ஒரு மணிக்கும் கழுகுமலை ரோடு சாயங்காலம் ஆறு மணிக்கும்தான் வந்து விழும். இந்த ஒழுங்கைப் பார்த்து, வேலையில் இவ்வளவு திட்டமிடுகிற ஆள் யாருமில்லை என்று ஆபீசில் ஒரு முறை அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அவர் நாக்குக்கு இருந்த மரியாதையைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கதவு வைத்து ஒரு ஓட்டல் திறந்தார்கள். முதல் நாள் சண்முகையா போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டார். முதலாளி வெளியூர்க்காரர். பக்கத்தில் வந்து நின்று எப்படி சார் என்று கேட்டார். சண்முகையா "நல்லாயிருக்கு" என்றார். முதலாளி சந்தோஷமாக ஒரு ஜாங்கிரி கொண்டுவரச் சொன்னார். ஆனால் சர்வர் உள்ளூர். அவன் அன்று சாயங்காலமே வேறு வேலை தேட ஆரம்பித்துவிட்டான். நாலாவது மாதம் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் செல்போன் கவர் விற்றார்கள்.

இந்தக் கடைகளெல்லாம் இருந்தாலும் சண்முகையாவின் நாள் தொடங்குவது அன்னக்கிளியிடம்தான். கோமதியாபுரத்தில் விசைத்தறி ஓடுகிற தெரு ஒன்றில் தகரக் கொட்டகை. மூன்று பெஞ்சு. போர்டு கிடையாது. காலை ஆறேகாலுக்கு முதல் ஈடு இறங்கும்போது சண்முகையா சுவரோரத்துப் பெஞ்சில் இருப்பார். அன்னக்கிளி அஞ்சு இட்லியை வைத்து, ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னியும் ஒரு கரண்டி தக்காளிச் சட்னியும் ஊற்றுவாள். அவர் முதல் விள்ளலைப் பிட்டு வாயில் போட்டு மென்று விழுங்கும்வரை அவள் அடுத்த ஆளிடம் போகமாட்டாள்.

"உப்பு ஒரு கல்லு கூட" என்பார் அவர்.

"ஒங்க நாக்குல ஒரு மீட்டர மாட்டணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் திரும்புவாள்.

இருபத்திரண்டு வருஷமாக இருவருக்கும் இதுதான் பேச்சு. சில நாள் உப்பு சரியாகவே இருக்கும். அன்றைக்கும் அவர் ஒரு கல்லு கூட என்றுதான் சொல்வார். நிஜமாகவே கூடிப்போன நாளில் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பார், அன்னக்கிளி புரிந்துகொண்டு அடுத்த ஈட்டு மாவில் உப்புப் போடாத மாவு கொஞ்சம் கலப்பாள். அவள் புருஷன் லாரியில் ஊர் ஊராகப் போனவர், போன ஊரில் ஒன்றிலேயே தங்கிவிட்டார். அதைப் பற்றிச் சண்முகையா ஒரு நாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இந்த அஞ்சு இட்லி இல்லாவிட்டால் தன் முப்பது வருஷ நடை என்னவாகியிருக்கும் என்று அவர் யோசித்துப் பார்த்ததுண்டு. யோசிக்கவே பிடிக்காமல் விட்டுவிட்டார்.

அன்னக்கிளிக்கு ஒரே மகன், அருண்குமார். சென்னையில் செல்போன் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் ஏழு வருஷம் இருந்துவிட்டுப் போன தையில் ஊருக்கு வந்தான். வந்தவன் ஒரு வாரம் அம்மாவின் கடையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு, இது கடையில்லை, பிராண்ட் என்றான். அன்னக்கிளிக்குப் புரியவில்லை. பையன் திரும்பச் சென்னைக்குப் போகாமல் இங்கேயே இருக்கப்போகிறான் என்பது மட்டும் புரிந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

முதல் வேலையாக அவன் சென்னையிலிருந்து எபினேசரை வரவழைத்தான். எபினேசர் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு அதைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறவர். பூர்வீகம் நாசரேத்துப் பக்கம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது பெரம்பூரில். எங்கள் பாஷை அவருடைய தாத்தாவோடு போய்விட்டது. காலையில் ஐந்தரைக்கே வந்து, அடுப்பைப் படம் பிடித்தார், ஆவியைப் படம் பிடித்தார், அன்னக்கிளியின் வளையலைப் படம் பிடித்தார். நடுவில் பதினோரு இட்லி சாப்பிட்டார். பிறகு மைக்கை எடுத்துக்கொண்டு சுவரோரத்துப் பெஞ்சுக்கு வந்தார்.

"கைஸ், இவர்தான் சண்முகையா அங்கிள். இருபத்திரண்டு வருஷமா இங்க டெய்லி சாப்பிடுறார். அங்கிள், இட்லி எப்படி இருக்கு?"

"மோசமில்ல" என்றார் சண்முகையா.

எபினேசர் சிரித்தார். "அங்கிள், கொஞ்சம் ஃபீல் பண்ணிச் சொல்லுங்க. ஒரிஜினலா என்ன தோணுது?"

சண்முகையா ஃபீல் பண்ணினார். கேமரா என்று நினைத்துக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது, அன்னக்கிளிக்காக உச்சபட்ச மரியாதையைச் செய்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணினார். இன்னொரு விள்ளல் பிட்டு, கண்ணை மூடி மென்றார்.

"உப்பு ஒரு கல்லு கூட. தேங்காச் சட்னியில தண்ணி நிக்கி. தக்காளியில புளிப்பு போதாது. இட்லி ஓரத்துல லேசா வெறச்சிருக்கு, துணிய நல்லாப் பிழியல போலுக்கு" என்றார்.

பின்னால் அடுப்படியில் அன்னக்கிளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பக்கத்துப் பெஞ்சில் இருந்த தறிக்காரர்கள், அண்ணாச்சி இன்னைக்கு வாரி வழங்குதாரே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எபினேசருக்கு இட்லி உண்மையில் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் இட்லி நன்றாக இருக்கிறது என்று வீடியோ போட்டால் எவன் பார்ப்பான்? மூன்றாம் நாள் படம் வந்தது. தலைப்பு: 'இருபத்திரண்டு வருஷக் கஸ்டமரே கழுவி ஊத்திட்டார்!' சண்முகையா கண்ணை மூடி மெல்லுகிற முகத்தைப் பெரிதாக்கி, அதன்மேல் சிவப்பில் அம்புக்குறி போட்டிருந்தார். ஒரே வாரத்தில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். 'பாவம் அங்கிள், ஊரில் வேறு கடையே இல்லையா' என்று ஒருவர் இரக்கப்பட்டிருந்தார். 'இத்தனை வருஷமாக இதைத் தின்றவருக்கு யாராவது விருது கொடுங்கள்' என்று ஒருவர். துபாயிலிருந்து ஒருவர் சண்முகையாவின் உடல்நிலைக்காகப் பிரார்த்தனை செய்திருந்தார்.

அந்த வாரம் முடிந்த மறுநாள் காலை சண்முகையா பெஞ்சில் உட்கார்ந்ததும் அருண்குமார் வந்து எதிரே நின்றான். தட்டு வரவில்லை.

"என்ன மாமா இப்படிச் செஞ்சிட்டீங்க? திருவேங்கடம் ரோட்டுல புது இடம் பிடிச்சிருக்கேன். அடுத்த மாசம் திறக்கணும். இந்த நேரத்துல நாலு லட்சம் பேருக்கு முன்னால எங்கம்மாவ அசிங்கப்படுத்திட்டீங்க."

"நான் எங்கடே அசிங்கப்படுத்துனேன்? கொறைல்லாடே சொன்னேன்" என்றார் சண்முகையா.

"அதத்தான் மாமா நானும் சொல்லுதேன்."

ஏழு வருஷத்தில் பையன் ஊர்ப் பாஷையை மறந்துவிட்டான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்படி விளக்குவது என்றும் தெரியவில்லை. அருண்குமார் முடிவாகச் சொன்னான். இன்னொரு வீடியோ எடுப்பான். அதில் மாமா நல்லாயிருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் நாளையிலிருந்து இந்தப் பெஞ்சில் உட்கார வேண்டாம்.

சண்முகையா எழுந்து வந்துவிட்டார். அன்று கோமதியாபுரத்தில் ரீடிங் எடுக்கும்போது ஒரு வீட்டு எண்ணை இன்னொரு வீட்டில் பதிந்தார். முப்பது வருஷத்தில் அது முதல் தப்பு. மதியம் ஹெலன் மெஸ்ஸில் நெத்திலிக் குழம்பு இறங்கவில்லை. சாயங்காலம் ஆபீஸ் வாசலில் அன்னக்கிளி வந்து நின்றாள். கடைக்கு வெளியே அவளை அவர் பார்ப்பதே அபூர்வம்.

"அண்ணாச்சி, பய கேக்குத மாதிரி சொல்லிருங்களேன்."

"நீயுமா? அந்த வார்த்தைய நான் எப்படிம்மா ஒங்கிட்டச் சொல்லுவேன்?"

"நீங்க மனசாரச் சொல்லலன்னு எனக்குத் தெரியும்லா. கட படுத்துட்டுன்னா அவன் திரும்ப மெட்ராசுக்குப் போயிருவான். ஏழு வருசம் தனியா இருந்து பாத்துட்டேன் அண்ணாச்சி. இனிமே முடியாது."

சண்முகையா ரீடிங் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

ஒப்புக்கொண்டாரே தவிர, வார்த்தை வாயில் வராது போலிருந்தது. அதனால் வீட்டில் பழகிப் பார்ப்போம் என்று நினைத்தார். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் மனைவி கோமதித்தாய் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் வைத்திருந்தாள். சண்முகையா ரசத்தைக் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்றார்.

கோமதித்தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீய?"

"ரசம் நல்லாயிருக்குன்னேன்."

"இருபத்தாறு வருசமா ஆக்கிப் போடுதேன். ஒரு நாளு இந்தச் சொல்லு கேட்டதில்ல. அப்படி என்ன கொற வச்சிட்டேன் நான்? சட்டியத் தூக்கிக் கொட்டுங்க. நாளையிலிருந்து ஒங்க அன்னக்கிளிகிட்டயே ராத்திரிக்கும் தின்னுக்கிடுங்க."

அவர் என்ன விளக்கியும் எடுபடவில்லை. வீடியோ, ஒத்திகை, புதுக்கடை என்று அவர் சொல்லச் சொல்ல, பொய் ஒன்றை மறைக்கப் பத்துச் சொல்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. ரசச் சட்டியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தபிறகுதான் ஓய்ந்தாள். இரண்டு நாள் அவருக்குத் தயிர்ச்சோறு மட்டும்தான் கிடைத்தது. மூன்றாம் நாள், "தயிரு புளிச்சுக் கெடக்கு, இத மனுசன் திம்பானா" என்று அவர் சத்தம் போட்ட பிறகுதான் வீட்டில் சமாதானம் வந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் அருண்குமாரிடம் ஒரு நிபந்தனை போட்டார். "வேற என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லுதேன் மருமவனே. நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன்." அருண்குமாருக்குக் காரணம் விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ 'வேற லெவல்' என்று சொல்லுங்க மாமா என்றான். சண்முகையா மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அந்த வார்த்தைக்கு அவர் அகராதியில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எந்த அர்த்தமும் இல்லை. தாராளமாகச் சொல்லலாம் என்று பட்டது.

அடுத்த வாரம் எபினேசர் மறுபடியும் வந்தார். சண்முகையாவுக்கு நெற்றியில் விபூதி பூசி, தோளில் துண்டு போட்டு, இட்லியை உயர்த்திப் பிடித்து "வேற லெவல்" என்று ஒன்பது முறை அவரைச் சொல்லவைத்தார்கள். ஒன்பதாவது முறை சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை தலைப்பு: 'கழுவி ஊத்தியவரே கண்கலங்கினார்!' கண்கலங்கியது என்னவோ உண்மை. புகை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. திருவேங்கடம் ரோட்டில் 'அன்னக்கிளி அம்மா இட்லி' திறந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு விளம்பரத் தட்டி. ஒன்றில் அன்னக்கிளி பட்டுச்சேலையில் கும்பிட்டாள். இன்னொன்றில் சண்முகையா இட்லியை உயர்த்திப் பிடித்திருந்தார். வாயிலிருந்து ஒரு வெள்ளைக் குமிழி கிளம்பி, அதில் 'வேற லெவல்!' என்று இருந்தது. கீழே பெயர். அவர் மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் கதவைத் திறந்தவர்கள் உள்ளே பார்த்து, "ஏட்டி, வேற லெவல் வந்திருக்காரு" என்று குரல் கொடுத்தார்கள். அவர் பதிந்த எண் கூடியிருந்தால், "பில்லு வேற லெவலா இருக்கே சார்" என்றார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மம்மது கடையில் நடந்ததுதான் அவரை வதைத்தது. ஒரு சாயங்காலம் சால்னாவில் தோய்த்த புரோட்டாவை மென்றுவிட்டு, வழக்கம்போல "மோசமில்ல" என்றார். மம்மது கல்லில் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"இது நெசமா, இல்ல காமெராவுக்கா வே?"

"என்ன மம்மது, இப்படிக் கேட்டுட்டீரு?"

"கேக்கணும்லா. நாலு லட்சம் பேருக்கு ஒரு சொல்லு, எனக்கு ஒரு சொல்லுன்னு வச்சிருக்கேரே. எத எடுத்துக்கிட?"

மம்மது கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். சண்முகையா எழுந்து போய்க் கை கழுவினார். ஊரில் தன் பேச்சுக்கு இருந்த ஒரே மதிப்பும் போய்விட்டது என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. அவருக்கு அழுகையே வந்தது.

இத்தனைக்கும் அவர் புதுக்கடைக்கு இன்னும் போகவில்லை. கோமதியாபுரத்துத் தகரக் கொட்டகையில் அரிசி மூட்டை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். காலையில் வீட்டில் கோமதித்தாய் போடுகிற தோசையைக் குறை சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் அருண்குமாரே வீட்டுக்கு வந்து, தட்டியில் இருக்கிற ஆள் கடையில் இல்லையே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள் மாமா, ஒரு நடை வாருங்கள் என்று கூப்பிட்டான்.

ஒன்பது மணிக்குப் போனார். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே ஏசி. அன்னக்கிளி வாசலை ஒட்டி ஒரு சிம்மாசனம் மாதிரியான நாற்காலியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து, வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பலர் அவளோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். அடுப்பங்கரைக்குள் அவள் போகக் கூடாது. அங்கே வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நீ பிராண்ட் அம்மா, நீ கரண்டி பிடிக்கக் கூடாது என்று மகன் சொல்லியிருந்தான். மாவு எங்கிருந்தோ பிளாஸ்டிக் டிரம்மில் வந்து இறங்கியது.

சண்முகையாவைப் பார்த்ததும் அவள் எழுந்தே விட்டாள். அவர் உட்கார்ந்த மேசைக்குக் கூடவே வந்தாள். இட்லி வந்தது. இதய வடிவத்தில் இருந்தது. சுற்றி ஐந்து நிறத்தில் சட்னி. பச்சை நிறத்தில் இருந்தது எதனால் ஆனது என்று பரிமாறியவருக்கே தெரியவில்லை.

சண்முகையா முதல் விள்ளலைப் பிட்டார். பிய்க்க வரவில்லை, இழுக்க வேண்டியிருந்தது. மென்றார். குறை சொல்ல வேண்டும் என்று நாக்கு தேடியது. ஒரு கல்லு உப்பு என்று சொல்லிவிட்டால் போதும், அன்னக்கிளிக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் குறை சொல்வதற்கு அதில் முதலில் ஏதாவது ஒரு நல்லது இருந்தாக வேண்டும். அது இல்லை. உளுந்து இல்லை, புளிப்பு இல்லை, அன்னக்கிளி இல்லை.

"அண்ணாச்சி" என்று அவள் மெல்லக் கேட்டாள். "வாரவுக எல்லாம் சூப்பர் சூப்பர்ங்காக. அவுக சொல்லு எனக்கு வேண்டாம். நீங்க சொல்லுங்க. உப்பு எப்படி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். தட்டியில் சொன்ன அதே வார்த்தையை இன்னொரு முறை சொன்னால் அவளும் சிரித்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள், பையன் ஊரோடு இருப்பான், யாருக்கும் நஷ்டமில்லை. அப்படிச் சொல்ல அவரால் முடியவில்லை. இவள் ஒருத்திக்காவது தன் வாக்கு வாக்காக இருக்க வேண்டும் என்று நினைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு" என்றார்.

பக்கத்தில் நின்ற அருண்குமார் துள்ளினான். "மாமாவே சொல்லிட்டாரு! இத முன்னாலயே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். இருங்க மாமா, போன எடுக்கேன், இன்னொரு தடவ சொல்லுங்க" என்று பையைத் துழாவினான்.

அன்னக்கிளி அவனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்போ நாளைக்கு வரமாட்டீய" என்றாள்.

சண்முகையா வெளியே வந்தார். வாசலில் இருந்த தட்டியில் அவரே சிரித்துக்கொண்டு இட்லியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவர் போன் அடித்தது. "கோமதியாபுரத்துக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்னக்கிளி வைத்துவிட்டாள்.

அவர் போனபோது தகரக் கதவு பாதி திறந்திருந்தது. அரிசி மூட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளி, சுவரோரத்துப் பெஞ்சை மட்டும் இழுத்துப் போட்டிருந்தாள். பழைய நூல் சேலை. நேற்று அவர் போன கையோடு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, சாயங்காலம் அவளே அரைத்து வைத்திருக்கிறாள். பையன் என்ன சொன்னான் என்று அவர் கேட்டார்.

"அவன் எந்திரிக்கவே எட்டு மணி ஆவும். அதுக்குள்ள இங்கன சோலிய முடிச்சிட்டு, பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு அங்கன போயிக் கும்பிடுவேன். ரெண்டும் ஓடட்டும்" என்றாள் அன்னக்கிளி. "உக்காருங்க."

அஞ்சு இட்லி. ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி, ஒரு கரண்டி தக்காளி. அவர் பிட்டு வாயில் போட்டார். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எப்படி இருக்கிறது என்று இந்த முறை கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள்.

சண்முகையா நிதானமாக மென்றார். ஒரு இட்லி முழுக்கச் சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உளுந்து இன்னும் நாலு சுத்து ஓடியிருக்கணும். மூணு மாசம் கும்பிட்டுக் கும்பிட்டுக் கை மறந்துட்டு ஒனக்கு. சட்னியில மொளகா காந்துது. தக்காளிய வதக்குனியா, சும்மா அடுப்புல காட்டிட்டு எடுத்துட்டியா? பெஞ்சுல தூசி தட்டல. தண்ணிச் செம்ப எங்க?"

அன்னக்கிளி செம்பை எடுத்து வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக எதிரே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு?" என்றாள்.

"ஒரு கல்லு கூட" என்றார் சண்முகையா. "நாளைக்குக் கொறச்சுப் போடு."